வெள்ளி பதித்த கடிவாளம்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நெல்விளைவையும் மாடுவளர்ப்பையுமே சீவனோபாயமாகக் கொண்ட மக்கள் நிறைந்த இந்த வாவிக்கரைச் சீமையிலே, குதிரையின் வாயில் இடப்படும் கடிவாளத்தைப் பற்றி, அதிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வெள்ளி பதித்துக் கையால் செய்யப்படும் கடிவாளத்தைப் பற்றி ஒருவன் பேச எழுந்தால், அது நமக்குச் சம்பந்தமில்லாத தூரதேசத்து விஷயம் என்று அவையோர் நினைப்பது இயல்பே. ஆனால் அந்தக் கடிவாளத்தைப் பக்குவப்படுத்தியவர்கள் அரசர்களும் அல்லர், படைத்தலைவர்களும் அல்லர். மாட்டுப்பட்டிகளை மேய்த்து, கன்றுகளுக்குக் குறிசுட்டு, மழைக்கும் வெயிலுக்கும் வெளியிலே கிடந்து வாழ்ந்த பட்டிக்காரர்கள். அதற்கு வெள்ளி பதித்த வித்தையோ, நம் பழைய வீடுகளில் வெற்றிலை வட்டாவிலே கிடக்கும் பாக்குவெட்டியிலும் காணப்படுகின்ற வித்தை. இவ்விரண்டு உறவுகளையும் முன்னிட்டே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லவந்த செய்தியை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இக்கடிவாளத்தின் வெளிப்புறம் எவ்வளவு ஆடம்பரமாக வெள்ளியால் ஜொலித்தாலும், குதிரையின் வாய்க்குள்ளே செல்லும் பகுதியில் ஒரு குன்றிமணி எடை வெள்ளியும் இராது. அங்கே இருப்பவை இரும்பும் செம்பும் மாத்திரமே. உள்ளே இருப்பது பிராணிக்காக, வெளியே இருப்பது மனிதனுக்காக. முதலாவதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவனே இரண்டாவதைச் செய்வதற்கு அதிகாரி என்று அந்தப் பரம்பரை கருதிவந்தது. அலங்காரக் கலையின் சரித்திரத்திலே இதைவிடக் கண்ணியமான ஒரு நியதியை நான் அறியேன்.

குதிரையின் வாயைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். முன்புறத்தே புல்லைக் கத்தரிக்கின்ற வெட்டுப்பற்கள் இருக்கின்றன. உட்புறத்தே அதை அரைக்கின்ற கடைவாய்ப்பற்கள் இருக்கின்றன. இவ்விரண்டு வரிசைகளுக்கும் இடையே பல்லில்லாத ஒரு வெற்றிடம் இருபக்கமும் அமைந்திருக்கிறது. ஆண்குதிரைக்கு அவ்விடத்தில் ஒரு சிறிய கோரைப்பல் முளைப்பதுண்டு. மற்றப்படி அங்கே தாடையெலும்பின் மேல் மெல்லிய ஈறு போர்த்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வெற்றிடம் இயற்கையில் அமையாதிருந்தால் கடிவாளம் என்னும் கருவியே தோன்றியிராது. ஈறு மெல்லியது, எலும்பு அதற்கு மிக அருகில் இருப்பது, நடுவே கிடக்கும் நாக்கோ உடம்பின் மிக நுட்பமான அங்கங்களில் ஒன்று. ஆகையால் அங்கே வைக்கப்படும் இரும்பின் ஒவ்வொரு அசைவும் குதிரைக்குத் தெரியும். முரட்டுக்கையின் இழுப்பும் தெரியும், விரலின் நெகிழ்ச்சியும் தெரியும்.

கடிவாளங்களைப் பொதுவாக இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். ஒன்றில் வார் நேரே வாயிரும்பின் வளையத்திலே கட்டப்படும். கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே வாயில் விழும். மற்றொன்றில் வாயிரும்பின் இரு முனைகளிலும் கன்னத்தகடுகள் கீழ்நோக்கி நீண்டு தொங்கும். வார் அவற்றின் கீழ்முனையில் கட்டப்படும். மோவாயின் அடியில் ஒரு பட்டையோ சங்கிலியோ செல்லும். இது நெம்புகோல். வாயிரும்புக்கு மேலே தகடு ஒன்றரை அங்குலமும் கீழே நாலரை அங்குலமும் இருக்குமாயின், கையின் இழுப்பு மோவாய்ப்பட்டையிலே ஏறக்குறைய மூன்று மடங்காகச் சேரும். நாம் இன்று பேசும் கடிவாளம் இந்த இரண்டாம் ஜாதியைச் சேர்ந்தது. ஆகவே அதைக் கையிலெடுப்பவன் தன் பலத்தைப் போல மூன்று மடங்கு பலத்தைக் கையிலெடுக்கிறான் என்பதை முதலில் உணரவேண்டும்.

இனி இதன் சரித்திரத்துக்கு வருவோம். கி.பி. 711இல் வட ஆபிரிக்காவிலிருந்து ஸ்பெயின் தேசத்துக்குள் புகுந்த முஸ்லிம்கள், அரபு நாடுகளிலும் பர்பர் இனத்தாரிடத்தும் வளர்ந்திருந்த குதிரையேற்ற முறையையும் உடன்கொண்டு சென்றார்கள். அங்கவடியைக் குறுக்கிக் கட்டி, முழங்காலை மடித்து இருந்து, குதிரையைச் சட்டென்று திருப்பவும் நிறுத்தவும் பாயவிடவும் வல்ல அந்த முறை ஸ்பானியருடைய சொத்தாகப் பிறகு மாறிற்று. அமெரிக்கக் கண்டத்திலோ குதிரை என்னும் பிராணி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயிருந்தது. 1519இல் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸ் மெக்சிக்கோ கரையில் இறங்கியபோது அவனுடன் வந்த குதிரைகள் பதினாறே. அவற்றின் நிறத்தையும் குணத்தையும் அந்தப் படையிலிருந்த பெர்னால் தியாஸ் என்பவர் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து எழுதிவைத்திருக்கிறார். மனிதர்களை மறந்தாலும் குதிரைகளை மறவாத மனம் அது.

1769இல் ஸ்பானியப் பாதிரிமார் கலிபோர்னியாவிலே முதல் மடத்தைக் கட்டினார்கள். 1823க்குள் கரையோரமாக 21 மடங்கள் எழுந்துவிட்டன. அம்மடங்களின் செல்வமெல்லாம் மாடுகளே. மேய்ப்பதற்கு ஆள் வேண்டியிருந்தமையால், பூர்வகுடி மக்கள் குதிரை ஏறலாகாது என்று ஸ்பானிய ஆட்சி முன்பு விதித்திருந்த தடையை அந்தப் பாதிரிமாரே கைவிட்டு, அம்மக்களுக்குக் குதிரையேற்றம் கற்பித்தார்கள். இப்படித் தோன்றியவர்களே வாக்கேரோக்கள் என்று ஸ்பானிய மொழியில் அழைக்கப்பட்ட மாட்டுக்காரர். அவர்கள் மேய்த்த மாடுகளின் தோல்கள் கப்பல் கப்பலாகப் பாஸ்டன் நகரத்துக்குச் சென்றன. 1834 முதல் 1836 வரை அத்தகைய பிரயாணமொன்றில் மாலுமியாக உழைத்த ரிச்சர்ட் ஹென்றி டேனா என்னும் இளைஞர் பின்னர் எழுதிய நூலிலே அந்தக் கரையின் குதிரைவீரர்களைப் பற்றிய வருணனைகள் நிரம்ப உண்டு.

நம் பக்கத்துப் பட்டிக்காரர் மாரிப் பயிர் தொடங்கியதும் மாட்டை வயற்புறத்திலிருந்து விலக்கி மாதவணை, மயிலத்தமடு போன்ற தூரத்து மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்வதையும், கன்றின் உடம்பிலே குறிசுட்டு உடைமையை அறிவதையும் இந்தச் சபையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கலிபோர்னிய மாட்டுக்காரரின் ஆண்டு வாழ்க்கையும் இதே ஒழுங்கில்தான் நடந்தது. ஆனால் அவர்கள் குதிரைமேல் இருந்து இதைச் செய்தார்கள். பச்சைத்தோலைப் பின்னிச் செய்த நீண்ட கயிற்றை வலக்கையால் வீசி, ஓடுகின்ற மாட்டின் கொம்பிலோ காலிலோ சுருக்கிட்டு, அதை நிலைநிறுத்தவேண்டும். ஆதலால் குதிரையை நடத்துவதற்கு இடக்கை ஒன்றே எஞ்சியது. அந்தக் கையும் பெரும்பாலும் கவனமின்றியே இருக்கும். கண்ணும் கருத்தும் மாட்டின் மேல் அல்லவா இருக்கின்றன? ஆகவே ஒற்றைக் கையின் சிறு சைகைக்கே கட்டுப்படும் குதிரை அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. இந்த ஒரு தேவையிலிருந்தே அவர்களுடைய கடிவாளமும், அதற்காகக் குதிரையைப் பழக்கிய நெடுங்காலக் கல்வியும், கடைசியில் அந்த வெள்ளியும் பிறந்தன.

அந்தக் கல்வியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இளங்குதிரையின் வாயில் அவர்கள் இரும்பை இடுவதில்லை. பச்சைத்தோலால் பின்னிய, முட்டை வடிவான ஒரு மூக்குவளையத்தை முதலில் அணிவிப்பார்கள். அதற்குப் போசால் என்று பெயர். குதிரையின் பிடரிமயிரைத் திரித்துச் செய்த மெக்காட்டே என்னும் கயிறு அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதுவே வாராகவும் பயன்படும். குதிரைக்கு நிலைத்த பற்கள் முழுமையாக முளைத்துத் தீர ஏறக்குறைய ஐந்து வயதாகிறது. அதுவரை வாய் வளர்ந்துகொண்டேயிருக்கும். பல் விழுவதும் முளைப்பதுமாக நோவு இருந்துகொண்டேயிருக்கும். ஆகையால் அக்காலம் முழுவதும் மூக்குவளையத்தினாலேயே திரும்பவும், நிற்கவும், பின்வாங்கவும், மாட்டை எதிர்கொள்ளவும் குதிரை கற்றுத் தீரவேண்டும்.

அதன் பின்னும் கடிவாளத்தின் ஆட்சி உடனே வந்துவிடுவதில்லை. கடிவாளத்தை வாயில் இட்டு, அதன் அடியிலே மெல்லிய மூக்குவளையம் ஒன்றையும் விட்டு, இரண்டுக்கும் தனித்தனி வார் கட்டி, முதலில் மூக்குவளையத்தின் வாரையே பயன்படுத்துவார்கள். குதிரை கடிவாளத்தைச் சும்மா சுமந்து, நாக்கால் துழாவி, அதன் பாரத்தையும் சமநிலையையும் தானாகவே அறிந்துகொள்ளும். நாள்செல்லச் செல்லக் கை ஒரு வாரிலிருந்து மற்றதற்கு நூலளவு நூலளவாக மாறும். இந்த இருவார்ப் பருவத்துக்கே ஓராண்டோ அதற்கு மேலோ கொடுக்கும் பயிற்சியாளர் உண்டு. முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், கடிவாளம் மட்டும் அணிந்து நிற்கும் நிறைந்த குதிரையாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். இக்கல்வி முற்றிய குதிரைக்கே வெள்ளி. அதாவது, வெள்ளி பதித்த கடிவாளம் விலைக்கு வாங்கத்தக்க ஆபரணமாயிருப்பினும், அதை அணிவதற்கு அந்தப் பிராணிக்கும் அதன்மேல் ஏறியிருப்பவனுக்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

இப்பொழுது அந்தக் கடிவாளத்தையே பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய படத்திலே தெரிவது கரண்டிக் கடிவாளம். இப்பரம்பரையின் சிகரம் இதுதான். வாயிரும்பு ஒரு நேர்ச்சட்டம். அதன் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு தண்டு எழும்பி, உச்சியிலே தட்டையாகவும் வழவழப்பாகவும் கரண்டி போன்ற வடிவம் கொள்கிறது. அதன் உயரம் சில அங்குலம். கன்னத்தகடுகளிலிருந்து கரண்டித்தண்டு வரை இருபக்கமும் மெல்லிய கம்பிகள் சரிவாகச் செல்கின்றன. அவற்றின் மேல் செப்புக்கம்பி சுருள் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. கரண்டியின் அடியிலே, நாக்கு எட்டும் இடத்தில், செம்பினால் ஒரு சிறிய உருளை இருக்கிறது. குதிரை நாக்கால் அதை உருட்டும்போது சிள்வண்டின் ஒலி போல் ஒரு சிறு நாதம் கேட்கும். அதனாலேயே அதற்குச் சிள்வண்டு என்று அந்நாட்டார் பெயரிட்டனர். செம்பின் சுவையினால் வாயில் உமிழ்நீர் ஊறும். ஈரமான வாயே மென்மையான வாய். இரும்பும்கூட, மெருகிட்டுப் பளபளக்கச் செய்யாமல் சிறிது துரு ஏறவிட்ட இரும்பையே குதிரை விரும்புகிறது என்பது அவர்களுடைய அனுபவம்.

இதை முதன்முதலாகக் காண்பவர் எவரும் இது சித்திரவதைக் கருவி என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் நியாயமானதே; அதை நான் மறுக்கப்போவதில்லை. முரடன் ஒருவன் இந்த வாரைப் பற்றி இழுப்பானாயின் அந்தக் கரண்டி மேலண்ணத்தில் குத்தும், மோவாய்ப்பட்டை நெரிக்கும், நாக்கு நசுங்கும். கல்வி முற்றாத குதிரையின் வாயிலே இதை இட்டு வேடிக்கை காட்டுவோர் அமெரிக்காவில் முன்பும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். வெள்ளியின் கவர்ச்சியால் நிகழும் பாதகம் என்றே அதைச் சொல்வேன். ஆனால் கற்றறிந்த கையில் நடப்பது முற்றிலும் வேறு. குதிரை தன் முகத்தைச் செங்குத்தாக வைத்திருக்கும்பொழுது கரண்டி நாக்கின் மேல் சாய்ந்து கிடக்கும், அண்ணத்தைத் தொடாது. வாரின் நுனியிலே ஒரு சிறு சங்கிலி கோக்கப்பட்டிருக்கும். அதன் பாரம் கடிவாளத்தைச் சமன்செய்து நிறுத்தும். இடக்கையின் ஒரு விரல் மேலெழுந்தால் சங்கிலி முதலில் அசையும், பின்பு கன்னத்தகடு அசையும், பின்பு கரண்டி நாக்கின் மேல் சற்றே நிமிரும். கடைசியாக வரவேண்டிய மோவாய்ப்பட்டையின் அழுத்தம் வருவதற்கு முன்பே குதிரை செய்யவேண்டியதைச் செய்து முடித்திருக்கும். இரவிலே வாவியின் நடுவே தோணியில் இருந்து தூண்டில் போட்டிருப்பவர், நீருக்கடியில் மீன் இரையை முகர்ந்ததை விரலில் கிடக்கும் நூலினால் அறிகிறாரே, அந்த நுட்பம் இங்கே இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. மனிதன் குதிரையின் நாக்கை அறிகிறான், குதிரை மனிதனின் விரலை அறிகிறது.

ஆகவேதான் இதைச் செய்யும் கொல்லனுக்குக் குதிரையின் சாஸ்திரமும் தெரிந்திருக்கவேண்டும் என்றேன். கரண்டி கால் அங்குலம் உயர்ந்துவிட்டால் அண்ணம் புண்ணாகும். கன்னத்தகட்டின் வளைவு பின்னோக்கிச் சிறிது மிகுந்தால் சைகை மெதுவாகச் சென்று சேரும். நேராக இருந்தால் விரைந்து சேரும். இளங்கைக்கு மெதுவானதும் தேர்ந்த கைக்கு விரைவானதும் பொருந்தும். செய்து முடித்த கடிவாளத்தை வாயிரும்பின் நடுவிலே இரண்டு விரல்களால் தாங்கித் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்ப்பது அவர்களுடைய வழக்கம். அழகு பார்ப்பது அதற்குப் பிறகு.

அழகுக்கும் இப்போது வருவோம். தட்டார் மரபில் வந்தவர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். பழைய கலிபோர்னியக் கைவினைஞர்கள் பெரும்பாலும் நாணயங்களையே தட்டி வெள்ளித்தகடு செய்தார்கள். மெக்சிக்கோ நாட்டுப் பழைய வெள்ளிக்காசிலும் அமெரிக்க வெள்ளி டாலரிலும் நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூறு பங்கு வெள்ளியும் மீதி செம்பும் இருந்தன. செம்பு கலந்தமையால் தகடு உறுதியாகவும் இருந்தது. வெள்ளியை இரும்பின் மேல் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தகட்டை வேண்டிய உருவத்தில் வெட்டி, பொடி வைத்து ஊதி இரும்பின் மேல் பற்றவைத்தல். வெள்ளி 962 பாகை வெப்பத்தில் உருகிவிடும். இரும்போ ஏறக்குறைய 1,500 பாகை வரை தாங்கும். ஆகவே இரும்பைச் சூடேற்றி, பொடி உருகி, வெள்ளி உருகுவதற்கு முன் நெருப்பை நிறுத்தவேண்டும். கண்ணும் மூச்சும் ஒத்துழைக்கவேண்டிய வேலை அது.

மற்றது பதித்தல். இது கடினமானது, நெருப்பில்லாமல், சுத்தியலும் உளியும் மாத்திரம் கொண்டு செய்யப்படுவது. கன்னத்தகட்டின் மேல் கொடியையோ பூவையோ பிறைமதியையோ கீறி, அந்த உருவத்தின் உட்புறத்தைச் சிறு ஆழத்துக்கு உளியால் எடுத்துவிடுவார்கள். பின்பு ஓரங்களை உட்புறமாகச் சாய்வாக வெட்டி, வாய் குறுகி அடி விரிந்த பள்ளமாக்குவார்கள். அடித்தளத்திலே சிறு சிறு முட்களும் எழுப்புவார்கள். அதே உருவத்தில் வெட்டிய வெள்ளியைக் காய்ச்சி மெதுவாக்கி, பள்ளத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே வந்தால், வெள்ளி பரவிச் சென்று அந்தச் சாய்வான ஓரங்களுக்கு அடியிலே புகுந்துகொள்ளும். அதற்குப் பின் அதை எடுக்கவேண்டுமென்றால் இரும்பை அறுத்தாலன்றி முடியாது. அரம் போட்டுச் சமனாக்கி, வெள்ளியின் மேல் செதுக்குளியால் இதழும் நரம்பும் வெட்டி, கடைசியில் இரும்பை மாத்திரம் துருவேற்றி எண்ணெய் தேய்த்துக் கபில நிறமாகவோ, சூடேற்றி நீல நிறமாகவோ ஆக்குவார்கள். இருண்ட நிலத்தில் வெள்ளிக்கொடி படர்ந்து நிற்கும். பற்றவைத்த வெள்ளியைவிடப் பதித்த வெள்ளியே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம்; இரும்பும் வெள்ளியும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது அதிலேதான்.

இனி, இந்த மேசையின் மேல் வைத்திருக்கும் பாக்குவெட்டியைச் சபையின் முன்வரிசையில் இருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். இரும்பினால் ஆனது, கைப்பிடியில் வெள்ளியும் பித்தளையும் இழையிழையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. விரல் நுனியால் தடவினால் எங்கே இரும்பு முடிகிறது, எங்கே வெள்ளி தொடங்குகிறது என்று தெரியாது. கண்டி அரசர் காலத்துக் கொல்லர்கள் பாக்குவெட்டிகளையும், பிஹாகெத்த எனப்படும் அலங்காரக் கத்திகளையும் இவ்வாறு செய்தார்கள். இவர்களுடைய தொழிலை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், இத்தீவின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக வந்து, கல்லைத் தேடிச் சென்ற கிராமங்களிலே கைவினைஞரைக் கண்டு, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார்; ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே அது அச்சிடப்பட்டது. கருவி வேறு, ஆபரணம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பிற்காலத்தில் வந்த நோய் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். 1917 முதல் அவர் பணிபுரிந்தது பாஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிசாலையில். கலிபோர்னிய மாட்டுக்காரரின் தோல்கள் ஒரு காலத்தில் சென்று இறங்கிய அதே நகரம்.

தக்காணத்துப் பீதர் நகரத்து வேலையையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. நாகமும் சிறிது செம்பும் கலந்து வார்த்த பாத்திரத்தில் வெள்ளிக்கம்பி பதித்து, பழைய கோட்டையின் மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசினால், பாத்திரம் கறுத்துவிடும், வெள்ளி மாத்திரம் வெண்மையாக நிற்கும். ஸ்பெயினில் தொலேடோ நகரத்து வாள்களிலும் எஃகின் மேல் பொன்னும் வெள்ளியும் பதிக்கும் வேலை உண்டு. பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் நடுவே எங்கோ வளர்ந்த ஒரு கலை, கிழக்கே தக்காணத்துக்கும் மேற்கே ஸ்பெயினுக்கும் அங்கிருந்து பசிபிக் கரைக்கும் சென்றது என்று எண்ணும்போது, உலகத்தின் உலைக்களங்களெல்லாம் ஒரே குடும்பமாகத் தோன்றுகின்றன.

குதிரைக்கும் நமக்கும் உள்ள உறவு என்ன என்று கேட்கலாம். மிகப் பழைய உறவுதான். குதிரை வணிகன் ஒருவனுடைய புதல்வர்களாகிய சேனன், குத்திகன் என்னும் இரு தமிழர் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியுடன் ஆண்டதாக மகாவம்சம் சொல்கிறது. அந்நகரத்துச் சந்திரவட்டக் கற்களிலே யானை, சிங்கம், எருது ஆகியவற்றோடு குதிரையும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாண்டியர் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பதினாயிரம் வரை குதிரைகள் இந்தியக் கரைகளுக்கு வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வதை வாசிக்கும்போது மனம் வருந்துகிறது: லாடமடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தோரை வணிகர்கள் உடன் விடுவதில்லை, சோறும் இறைச்சியும் ஊட்டி வளர்க்கிறார்கள், வாங்கியவற்றில் ஆண்டு முடிவிலே மிகச் சிலவே உயிரோடு எஞ்சுகின்றன. விலை கொடுத்துக் குதிரையை வாங்கினோம். குதிரையைப் பற்றிய அறிவை வாங்கவில்லை. சிற்பிகள் மாத்திரம் விதிவிலக்கு. சீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்து நிற்கும் குதிரைகளையும், ஆவுடையார்கோயில் தூணிலே மாணிக்கவாசகருக்காகப் பரிமேல் வந்த பெருமானையும் பார்ப்பவர்கள், கடிவாளத்தின் வளையமும் வாரும் முகப்பட்டையின் மணிகளும் எவ்வளவு கவனத்தோடு கல்லில் வடிக்கப்பட்டுள்ளன என்று காண்பர். வேட்டைத் திருவிழாவிலே சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனத்துக்குத் தலையணி செய்து பூட்டும் நம் தட்டாரும் இந்தச் சிற்பிகளின் வழிவந்தவர்களே. உயிருள்ள குதிரைகளோ இத்தீவில் நெடுந்தீவிலே திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் வளர்த்த குதிரைகளின் சந்ததி. கடிவாளமின்றி, கோடையில் குடிநீருக்கும் வழியின்றி அவை அலைவது நமக்குப் பெருமை தருவதன்று.

கலிபோர்னியாவில் இக்கலை மங்கிய காலமும் உண்டு. 1848இல் பொன் அகப்பட்டது. பின்பு வேலியும் புகைவண்டியும் வந்தன. அதன் பின் தொழிற்சாலையில் வார்த்த கடிவாளம் மலிவாகக் கிடைத்தது. மரபைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுப் பாலைவெளிகளுக்குச் சென்ற கைவினைஞர்கள். நெவாடா மாநிலத்து எல்கோ நகரிலே கடை வைத்திருந்த ஜி. எஸ். கார்சியா, 1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் தம் சேணத்துக்காகத் தங்கப்பதக்கம் பெற்றார். அவர் பட்டறையில் செய்த கடிவாளங்களை இன்றும் பேரருமையாகப் போற்றுகிறார்கள். 1998இல் சேணம், கடிவாளமும் குதிமுள்ளும், வெள்ளிவேலை, பச்சைத்தோற்பின்னல் என்னும் நான்கு தொழில்களையும் காப்பதற்கென்று அமெரிக்க மேற்கின் கைவினைஞர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். அச்சங்கத்தார் ஓக்லஹோமா நகரத்துக் காட்சிசாலையிலே தம் வேலைகளைக் காட்சிக்கு வைப்பதோடு, இளைஞர்களைத் தம் பட்டறைகளில் உடன்வைத்துத் தொழிலையும் கற்பிக்கிறார்கள். பணக்காரர் இவற்றை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது பெருகியிருக்கிறது. கைவினைஞருக்குச் சோறு கிடைக்கிறது என்ற அளவில் அது நல்லதே. எனினும் ஒருநாளும் ஒரு குதிரையின் வாயில் இருந்திராத கடிவாளம், எத்தனை சிறந்த வெள்ளிவேலை உடையதாயினும், பாதி செய்து நிறுத்திய கடிவாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நெடுநாள் உபயோகத்தில் இருந்த ஒன்றைப் பார்த்தால் செப்புச்சுருள் நாக்குப் பட்ட இடத்தில் தேய்ந்து மெலிந்திருக்கும். வெளியே செதுக்கிய இதழ்களும் பல ஆண்டுத் துடைப்பினால் மழுங்கியிருக்கும். உள்ளும் புறமும் ஒரே காலத்தைச் சொல்லும்.

இப்போதும் நல்ல கைவினைஞர்கள் பலர், கடிவாளம் வேண்டி வருபவரிடம் குதிரையின் வயது என்ன, வாயின் அகலம் என்ன, அண்ணத்தின் உயரம் என்ன, எவ்வளவு காலம் மூக்குவளையத்தில் பழகியது, ஏறுபவருடைய கை எப்படிப்பட்டது என்றெல்லாம் விசாரித்த பிறகே, எந்தப் பூ வேண்டும் என்று கேட்கிறார்கள். நம்மூரில் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பிடியளவு பார்த்துச் செய்துகொடுத்த கொல்லர்களும் இவ்வாறே கேட்டார்கள். அவர்களில் இன்னும் உலையை அணைக்காமல் இருப்பவர்கள் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

அவர்களை முன்னிட்டு உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீடுகளிலே பாட்டிமார் வைத்துவிட்டுப் போன, இரும்பில் வெள்ளியோ பித்தளையோ பதித்த பாக்குவெட்டியும் கத்தியும் இருக்குமானால், வெள்ளியின் எடைக்கும் இரும்பின் எடைக்கும் விற்றுவிடாதீர்கள். ஓரம் சிறிது பெயர்ந்த ஒன்று கிடைத்தால் அது இன்னும் விசேஷம். பெயர்ந்த இடத்தில்தான் பள்ளத்தின் சாய்வும் அடித்தளத்து முட்களும் கண்ணுக்குத் தெரியும், தொழில் கற்கும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த பாடமில்லை. அவற்றைக் கொண்டுவந்து நம் கொல்லரிடமும் தட்டாரிடமும் ஒருநாள் காட்டுங்கள். பார்த்து, அளந்து, வரைந்துகொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள்.